கம்பி அறுந்தது, நெட் போயிற்று

ஒக்கலிபுரத்தில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில், சென்ற மழைக்காலத்தில் ஏறத்தாழ ஆறு வாரம், மாலை ஏழு மணியானால் இணைப்பு அறுந்துவிடும். ஆய்வுக்குழுவின் முன் இணையவழியில் நான் அளித்த முன்னேற்ற அறிக்கை இருமுறை நடுவில் நின்றது. கீழ்வீட்டு அம்மா படியில் நின்று கேட்பார்: "என்ன தம்பி, நெட் போச்சா? எப்ப வருமாம்?" அந்த இரண்டு கேள்விகளே இந்தப் பதிவுக்குக் காரணம்.

'கரண்ட் போச்சு' என்பதைப் போலவே 'நெட் போச்சு' என்கிறோம். போவதும் வருவதும் அதன் இயல்பு, மழையைப் போல. அதனால் இயற்கையாக எழும் அடுத்த கேள்வி 'எப்போது வரும்?' என்பதே. தந்தியும் தொலைபேசியும் கம்பியில் ஓடிய காலத்து வழக்கோ வேறு: 'கம்பி அறுந்துவிட்டது'. அறுந்தது என்றவுடன் கேட்கத் தோன்றுவது 'எங்கே?' என்பது. வினைச்சொல் மாறியபோது கேள்வியும் மாறிவிட்டது. இதை வெறும் சொல்லாராய்ச்சியாக நான் கருதவில்லை. பழுதுபார்த்தலின் வரலாறு பெரும்பாலும் 'எங்கே?' என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான்.

இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1855இல். பம்பாயையும் சென்னையையும் இணைத்த தடம் பெங்களூர் வழியாகச் சென்றது. அதை நிறுவிய வில்லியம் ஓஷாக்னெசி ஒரு மருத்துவர். 1839இலேயே கல்கத்தாவில் சோதனைத் தந்தித் தடம் அமைத்துப் பார்த்தவர். மெல்லிய கம்பி புயலுக்கும் பறவைக் கூட்டத்துக்கும் குரங்குகளுக்கும் தாங்காது என்று தடித்த இரும்புத் தண்டுகளையே முதலில் பயன்படுத்தினார். (பெங்களூரின் குரங்குகள் இன்றும் மொட்டைமாடி வடங்களை விட்டுவைப்பதில்லை.)

அப்படியும் அறுந்தது. அறுந்தால் என்ன செய்வார்கள்? நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு ஆளை நடக்கவிட முடியாது. ஆகவே நடுவிலுள்ள நிலையத்தை அழைப்பார்கள். விடை வந்தால் பழுது அதற்கு அப்பால்; வராவிட்டால் இப்பால். எஞ்சிய பாதியை மீண்டும் பாதியாக்குவார்கள். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவாகப் பழுது சுருங்கிய பிறகே கம்பியாள் ஏணியுடன் புறப்படுவார். கம்பி முற்றாக அறாமல் மின்னோட்டம் மண்ணில் கசியும் பழுதுக்கு இன்னும் நுட்பமான வழி இருந்தது: பழுதான கம்பியின் மறுமுனையை நல்ல கம்பி ஒன்றோடு சேர்த்து வளையமாக்கி, வீட்ஸ்டன் பாலத்தில் தடைகளைச் சமன்செய்து, அந்த விகிதத்திலிருந்து தொலைவைக் கணக்கிடுவது. மர்ரே வளையச் சோதனை என்று பொறியியல் மாணவர்கள் இன்றும் ஆய்வகத்தில் செய்வது இதைத்தான். அறையில் உட்கார்ந்தபடியே 'இத்தனையாவது மைலில்' என்று சொல்ல முடிந்தது அக்காலத்தின் பெரிய அறிவுச் சாதனை. கடலடி வடங்களுக்கு அது உயிர்நாடி. 1871 முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து பினாங்குக்குச் சென்ற வடம் பழுதானால் கப்பலை எங்கே அனுப்புவது என்பதைக் கரையிலிருந்தே கணித்தாக வேண்டும்.

1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும் பழுதின் இடம் முற்றாக மறைந்துவிடவில்லை. மோடத்தின் கீச்சொலியைக் கேட்டுப் பழகிய காதுக்கு, எண் சுழலவில்லையா, மறுமுனை எடுக்கவில்லையா, எடுத்தும் பேச்சு ஒத்துவரவில்லையா என்பது விளங்கும். அந்த ஒலி அடங்கியது ரவுட்டரின் வருகையோடுதான். 'திசைவி' என்ற அழகான சொல் கலைச்சொல் அகராதிகளில் இருக்கிறது. எங்கள் தெருவில் அது 'பாக்ஸ்'. மூடிய பெட்டிக்கு ஒருவகையில் பொருத்தமான பெயர்தான்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பவற்றுள் ஒன்றைமட்டும் சொல்கிறேன். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியுலகத்துக்கு வீடு முழுவதற்கும் ஒரே முகவரி. எந்தக் கைபேசி எவரோடு பேசுகிறது என்ற அட்டவணையைப் பெட்டி தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. அது நிரம்பினாலோ குழம்பினாலோ இணைப்பு திணறும். அணைத்துப் போட்டால் அட்டவணை வெறுமையாகும்; பலநேரம் சரியாகிவிடும். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பது மூடநம்பிக்கையன்று.

ஆனால் அணைக்கும்போது இன்னொன்றும் அழிகிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் நிகழ்வுக் குறிப்புகளும் அதே நினைவகத்தில்தான் இருக்கின்றன. எத்தனை மணிக்கு எது அறுந்தது என்ற சான்று அதோடு போய்விடும். ஆவணங்களோடு மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் இது எனக்கு உறுத்துகிறது: நாம் முதலில் செய்யும் மருத்துவமே ஆவணக் காப்பகத்தைக் கொளுத்துவது. என் புகார் ஒவ்வொன்றையும் நிறுவனம் (பெயர் வேண்டாம்) 'மறுதொடக்கத்துக்குப் பின் சரியானது' என்று முடித்துவைத்தது. அதை மறுக்க என் கையில் எதுவும் இல்லை.

எனவே ஒரு குறிப்பேடு வாங்கினேன். இணைப்பு அறும்போதெல்லாம், பெட்டியைத் தொடாமல், மூன்று இடங்களுக்கு 'பிங்' அனுப்பினேன்: பெட்டிக்கு, நிறுவனத்தின் முதல் கணுவுக்கு, வெளியே ஓர் எண் முகவரிக்கு. பிங் நிரலை 1983 டிசம்பரில் எழுதியவர் மைக் மூஸ். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியின் பெயரை அதற்கு இட்டார். கூவிப் பார், எதிரொலி வருகிறதா கேள், அவ்வளவுதான். எண்ணுக்கு எதிரொலி வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால் பழுது பெயரை எண்ணாக்கும் டி.என்.எஸ். அமைப்பில்; அதுவும் 1983இல் வகுக்கப்பட்டதே. நடு நிலையத்தை அழைத்த தந்திக்காரர் செய்ததற்கும் இதற்கும் முறையில் வேறுபாடு இல்லை.

பதினோரு மாலைகளின் குறிப்பு ஒரேமாதிரி இருந்தது. பெட்டி பதில் சொன்னது. முதல் கணு சொல்லவில்லை. ஆகவே பழுது பெட்டிக்கும் தெருவுக்கும் இடையில். பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சில நொடிகள் சிவந்து அணைவதையும் அப்போதுதான் கவனித்தேன். ஒளி வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம் அது. பகலில் வந்த பணியாளர்கள் அளந்தபோதெல்லாம் ஒளி சரியாகவே இருந்தது. குறிப்பேட்டைக் காட்டிய பிறகு, ஸ்ரீராம்புரத்துக்காரர் ஒருவர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுபவர், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஏழு மணிக்கு வந்தார். அளவி மைனஸ் 29 டிபிஎம் காட்டியது. இத்தகைய பெட்டிகள் பொதுவாக மைனஸ் 27 வரையே தாங்கும் என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் வடத்தைக் கையால் தடவிக்கொண்டே மொட்டைமாடிக்கு ஏறினார்.

வடம் மாடிக்கதவின் நிலையை ஒட்டி உள்ளே வருகிறது. குரங்குக்கும் மழைக்கும் பயந்து கீழ்வீட்டு அம்மா மாலையில் அந்தக் கதவைச் சாத்துவார். கதவு வடத்தை நெரிக்கும். வளைந்த கண்ணாடியிழையிலிருந்து ஒளி கசியும். காலையில் கதவு திறந்தால் எல்லாம் சரி. தந்திக்காரர்களின் மண்கசிவுப் பழுதுக்கு இது நேர் வாரிசு. அறவில்லை, கசிந்தது.

வடத்தை மேற்புறமாக இழுத்துக் கட்ட அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பழைய தந்தித் துறையாக இருந்திருந்தால் இந்தத் தடங்கல் ஒரு பதிவேட்டில் இடத்தோடும் காரணத்தோடும் ஏறியிருக்கும். அவர் தம் கைபேசிச் செயலியைத் திறந்தார். புகாரை முடிக்கக் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கதவு என்றொரு காரணம் பட்டியலில் இல்லை. வடம் என்று போட்டால் பொருள் மாற்றிய கணக்குக் கேட்பார்களாம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'ரவுட்டர் மறுதொடக்கம்' என்பதைத் தொட்டார்.