எழும்பூர் டு ஓரகடம்: அலுமினியம் மெட்ராஸுக்கு வந்த கதை

இன்னைக்கு ஒரு கேள்வியில ஆரம்பிப்போம். மரவேலைக்கு வாங்கின கை ரூட்டரை வச்சு, வீட்டுலயே அலுமினியத்தை மில்லிங் பண்ண முடியுமா? முடியும். காரணம், அது ரொம்ப மென்மையான உலோகம். இதே மென்மையை நம்பி, 125 வருஷத்துக்கு முன்னாடி எழும்பூர்ல ஒருத்தர் ஒரு தொழிலையே ஆரம்பிச்சார்.

முதல்ல ஒரு பின்னணி. 1884-ல வாஷிங்டன் நினைவுத்தூணோட உச்சியில அலுமினியத்தைத்தான் வச்சாங்க. அப்போ அது அவ்வளவு அரிய பொருள். 1886-ல அமெரிக்காவுல ஹாலும் பிரான்ஸ்ல எரூவும், ஒருத்தரை ஒருத்தர் அறியாமலேயே, மின்சாரத்தால அதைப் பிரிச்செடுக்கற வழியைக் கண்டுபிடிச்சாங்க. விலை மளமளன்னு சரிஞ்சது.

1898. பூந்தமல்லி நெடுஞ்சாலையில இருக்கற மெட்ராஸ் கலைப் பள்ளி, அதாவது இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அங்க ஆல்ஃப்ரெட் சாட்டர்டன்ங்கற பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யற முயற்சியைத் தொடங்குறார். பித்தளைக்கு அடிக்கடி ஈயம் பூசணும், இதுக்கு வேண்டாம். எடையும் செம்புல மூணுல ஒரு பங்குக்கும் கம்மி. முக்கியமா, பித்தளை அடிச்சுப் பழகின கைக்கு இது புது மொழி இல்ல. அதே சுத்தியல், அதே பட்டறைக்கல்.

1900-ல வக்கீல் ஏர்ட்லி நார்ட்டனோட சேர்ந்து இந்தியன் அலுமினியம் கம்பெனி உருவாச்சு. 1903-ல அரசுப் பட்டறை அந்தக் கம்பெனி கைக்குப் போச்சு. அரசு ஒரு தொழிலைப் பழக்கிக் காட்டி, அப்புறம் தனியாரிடம் விடறதுதான் திட்டம். ஆனா ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கல. 1910-ல இந்தியா மந்திரி மார்லி பிரபு, அரசு தொழில் நடத்தக்கூடாதுன்னு தடை போட்டார்.

இப்போ அதே சாலையில மேற்கே போங்க. பூந்தமல்லி தாண்டினா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்துடும். சாட்டர்டன் தொடங்கி சரியா 100 வருஷம் கழிச்சு, 1998-ல இங்க ஹூண்டாய் சான்ட்ரோ வெளிய வந்தது. 2010-ல ஓரகடத்துல ரெனோ-நிஸான். இன்னைக்கு இந்தப் பக்கம் சிஎன்சி மெஷின்ல அலுமினியம் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுது.

வீட்டு ரூட்டர்ல அப்படி வராது. அது நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை சுத்தும். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும். சூடானா பிட்டுலயே அப்பிக்கும். அதனால கார்பைடு பிட், அதுவும் ஒரே வெட்டு விளிம்பு உள்ளது. வேகத்தைக் குறைச்சு, மெழுகு தடவி, ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் போல மட்டும் எடுக்கணும். பொருளை கிளாம்ப்ல இறுக்கணும். சூடான சீவல் தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். மரத்தூளைக் கூட்டி எடுத்துட்டுத்தான் தொடங்கணும்.

இவ்வளவு சிரமம் எதுக்கு? சிஎன்சி பட்டனை அழுத்தறவருக்கு அந்த உலோகம் ஏன் அப்பிக்குதுன்னு தெரிய வாய்ப்பே இல்லாம ஒரு ஷிஃப்ட் ஓடிடலாம். கையில ரூட்டர் இருந்தா, சத்தமே சொல்லிக் கொடுத்துடும். சாட்டர்டன் பட்டறையில கைக்கும் தொழிலுக்கும் நடுவுல ஒரு படிக்கட்டு இருந்தது. ஆலைகள் வந்துடுச்சு. அந்தப் படிக்கட்டை யார் கட்டப் போறாங்கங்கறதுதான் என் கேள்வி. உங்க பதிலைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.