கார்ட்ரிட்ஜும் குறுவட்டும்: நிண்டெண்டோ – பிளேஸ்டேசன் போட்டி

1990களின் நடுப்பகுதியில் வீடியோ கேம் சந்தையில் சப்பானைச் சேர்ந்த இரு நிறுவனங்கள் மோதின. ஒன்று அத்துறையில் கொடிகட்டிப் பறந்த நிண்டெண்டோ. மற்றொன்று புதிதாக நுழைந்த சோனி. சோனியின் பிளேஸ்டேசன் 1994 திசம்பர் 3 அன்றும், நிண்டெண்டோ 64 என்னும் கருவி 1996 சூன் 23 அன்றும் சப்பானில் வெளிவந்தன. முன்னது 10 கோடிக்கும் மேல் விற்றது. பின்னது சுமார் 3.3 கோடியோடு நின்றது. இந்த இடைவெளிக்குக் கருவியின் வேகத்தைவிட, விளையாட்டு எதில் பதியப்பட்டது என்பதே பெரிய காரணம்.

இவ்விரு நிறுவனங்களும் முதலில் கூட்டாளிகள். நிண்டெண்டோவின் சூப்பர் பாமிகாம் கருவிக்கான ஒலிச் சில்லை வடிவமைத்தவர் சோனியின் கென் குட்டராகி. அதே கருவிக்குக் குறுவட்டு இயக்கி செய்யவும் ஒப்பந்தம் இருந்தது. 1991 சூனில் சிகாகோ கண்காட்சியில் சோனி அதை அறிவித்தது. மறுநாளே நிண்டெண்டோ, தான் பிலிப்சுடன் சேரப்போவதாகச் சொன்னது! குறுவட்டு விளையாட்டுகளின் உரிமை சோனியின் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். அந்த அவமானத்துக்குப் பின் சோனி தனிக்கருவி செய்ய முனைந்தது.

குறுவட்டில் ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். நிண்டெண்டோ 64 உடன் வந்த 'சூப்பர் மரியோ 64' விளையாட்டின் கார்ட்ரிட்ஜ் 8 மெகாபைட் மட்டுமே. 80 மடங்கு வேறுபாடு! ஆனாலும் நிண்டெண்டோவின் முடிவை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பிளேஸ்டேசனின் இயக்கி நொடிக்கு 300 கிலோபைட் அளவே படிக்கும். அக்கருவியின் 2 மெகாபைட் முதன்மை நினைவகத்தை நிரப்பவே சுமார் 7 நொடி ஆகும் என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்ட்ரிட்ஜில் காத்திருப்பு இல்லை. திருட்டு நகலெடுப்பதும் கடினம்.

ஆனால் விளையாட்டை உருவாக்குவோரின் பக்கம் இருந்து பார்த்தால் கணக்கு வேறு. கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது நினைவகச் சில்லு. விலை அதிகம், தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும். வெளியீட்டாளர் எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, நிண்டெண்டோவிடம் பணம் கட்டி வாங்க வேண்டும். விற்காமல் தேங்கினால் நட்டம் அவருடையது. எதிர்பாராமல் விற்றுத் தீர்ந்தாலோ, அடுத்த சரக்கு வருவதற்குள் ஆர்வம் ஆறிவிடும். குறுவட்டு அப்படியன்று. அச்சடிக்கும் செலவு மிகக் குறைவு, சில நாட்களில் மறுபடியும் அச்சடிக்கலாம். ஆகவே சிறு நிறுவனமும் புதுமையான ஒன்றைத் துணிந்து செய்து பார்க்க முடிந்தது. என் பார்வையில், கொள்ளளவைவிட இந்த இடர்ப்பாட்டுக் கணக்கே போட்டியைத் தீர்மானித்தது. விளையாட்டுகள் குவிந்த கருவியையே மக்களும் வாங்கினர்.

பெரிய அடி இசுகொயர் நிறுவனத்திடமிருந்து வந்தது. 'பைனல் பேண்டசி' வரிசையின் முதல் ஆறு பாகங்களும் நிண்டெண்டோ கருவிகளில் வந்தவை. ஏழாம் பாகத்துக்குத் திட்டமிட்ட அசைபடக் காட்சிகள் கார்ட்ரிட்ஜில் அடங்கா. 1996 தொடக்கத்தில் அந்நிறுவனம் பிளேஸ்டேசன் பக்கம் சாய்ந்தது. 1997 சனவரி 31 அன்று விளையாட்டு மூன்று குறுவட்டுகளில் வெளிவந்தது. அதே மாதம் எனிக்சு நிறுவனமும் தன் 'டிராகன் குவெசுட்டு' ஏழாம் பாகம் பிளேஸ்டேசனுக்கே என்று அறிவித்தது. சப்பானியச் சந்தை கைமாறியது அப்போதுதான்.

நிண்டெண்டோவிடம் நல்ல விளையாட்டுகள் இல்லாமற் போகவில்லை. 'கோல்டன்ஐ 007', 'செல்டா: ஒக்கரினா ஆப் டைம்' இரண்டும் இன்றும் போற்றப்படுபவை. ஆனால் புகழ்பெற்றவை பெரும்பாலும் நிண்டெண்டோவும் அதற்கு நெருக்கமான ரேர் போன்ற நிறுவனங்களும் செய்தவையே. வியப்பான ஒரு விதிவிலக்கு உண்டு: இரண்டு குறுவட்டுகளில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டை 1999இல் ஏஞ்சல் இசுடூடியோசு 64 மெகாபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கிக் காட்டியது. அதே ஆண்டு திசம்பரில் வந்த 64டிடி என்னும் காந்தத் தட்டு இணைப்பும் காலம் கடந்தே வந்தது, சப்பானைத் தாண்டவில்லை.

2001இல் நிண்டெண்டோ தன் கேம்கியூப் கருவியில் கார்ட்ரிட்ஜைக் கைவிட்டுச் சிறிய ஒளித்தட்டுக்கு மாறியது. அதன் கொள்ளளவு சுமார் 1.5 கிகாபைட். சோனியோ அதற்கு முந்தைய ஆண்டே பிளேஸ்டேசன் 2 வழியாக 4.7 கிகாபைட் டிவிடிக்குப் போயிருந்தது.