புகுமுக வகுப்பு முதல் சமூகக் கல்லூரி வரை: தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போன வழி



சுங்கை சிப்புட் என்றதும் எஸ்.பி.எம். வரலாறு படிக்கிற மாணவனுக்கு ஒரே தேதிதான் ஞாபகத்துக்கு வரும்: 1948 ஜூன் 16. மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. தேர்வுக்கு அது போதும். நான் அதே ஊரிலிருந்து வேறொரு வரலாற்றைத் தொடங்குகிறேன். பால்மரத் தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போக எத்தனை இடத்தில் மாறி ஏற வேண்டியிருந்தது என்கிற வரலாறு. ஈப்போ மேடான் கிட் நிலையத்தில் பஸ் மாறினவர்களுக்குத் தெரியும், ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய வேலையே போச்சு. இங்கே தவறியது ஒரு நாள் இல்லை, ஒரு தலைமுறை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். பல இடங்களில் அந்த ஆசிரியரே கிராணி வேலையும் பார்த்தார். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும், அதற்கு மேல் ஏற அங்கே படியே இல்லை. ஈப்போவில் ஆண்டர்சன் பள்ளி 1909 முதல் இருந்தது, செயிண்ட் மைக்கல் 1912 முதல். அங்கே போவதற்கு ஆங்கிலமும் வேண்டும், கட்டணமும் வேண்டும், பஸ் காசும் வேண்டும். கிராணி வீட்டுப் பிள்ளை போனான். லயத்து வீட்டுப் பிள்ளை வாளியைத் தூக்கிக்கொண்டு அம்மாவோடு வெட்டுக்குப் போனான்.

1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை திறக்கப்பட்டது. வீ.தி. சம்பந்தன் எழுப்பிய பள்ளி. திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். இரண்டே வருஷத்தில் ரசாக் அறிக்கை வந்தது. அது தமிழ்த் தொடக்கப்பள்ளியை நாட்டின் கல்வி முறைக்குள் சேர்த்துக்கொண்டது, நல்ல விஷயம். ஆனால் 1961 கல்விச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்க இடைநிலைப்பள்ளி தமிழில் கிடையாது என்பது உறுதியாகிவிட்டது. தமிழில் ஆறு வருஷம் படித்தவன் வேறு மொழிக்கு மாறித்தான் ஆக வேண்டும். அந்த மாற்றத்துக்கு வைத்த இடம்தான் புகுமுக வகுப்பு, நம் பெரியவர்கள் சொல்கிற 'ரிமூவ் கிளாஸ்'.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1964 வரை ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. பெரும்பான்மைப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். தேர்வு நீக்கப்பட்டதும் வழி திறந்தது, கூட்டம் ஏறியது. ஆனால் அக்கம்பக்கத்துப் பையன் படிவம் ஒன்றில் உட்காரும்போது நம்ம பையன் புகுமுகத்தில் உட்கார்ந்து மொழி படிப்பான். வயதில் ஒரு வருஷம் பின்னே. அதற்குள் 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. அண்ணன் ஆங்கிலத்துக்காக ரிமூவில் உட்கார்ந்தான், தம்பி மலாய்க்காக உட்கார்ந்தான். அண்ணனின் பழைய புத்தகம் தம்பிக்கு உதவவில்லை. இடைநிலைப்பள்ளியில் பாதியில் நின்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது 'அக்கறையில்லை' என்று சொல்லிவிடுகிறோம். இந்த ஒரு வருஷத்தையும் கணக்கில் சேர்த்துப் பேசினால் நியாயமாக இருக்கும்.

மறுமுனையில் பல்கலைக்கழகம் என்ன செய்துகொண்டிருந்தது? மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை வந்தது. அத்துறையில் சமஸ்கிருதமா தமிழா என்று விவாதம் கிளம்பியபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள், தமிழ் நூல்கள் நூலகத்துக்குப் போயின. கொடுத்தவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அந்த நூலகப் படியேறியிருப்பார்கள்? எனக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் தொண்டையில் நிற்கும்.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். பிறகு செம்பனை வந்தது, வீடமைப்பு வந்தது. குடும்பங்கள் புந்தோங் பக்கம், ஈப்போ புறநகர்ப் பக்கம் குடிபெயர்ந்தன. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530. 1970களில் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீடு வந்தது. 1982 முதல் எஸ்.டி.பி.எம்.; அதே 1982இல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கி, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தேர்வு வகுப்பு நடத்தினார். 1998இல் மெட்ரிகுலேஷன் வந்தது, ஆரம்பத்தில் நமக்கு இடமில்லை. 2024இல் எஸ்.பி.எம்.மில் 10 'ஏ' எடுத்த எல்லாருக்கும் இடம் என்று அரசாங்கம் அறிவித்தது.

சரி, 10 'ஏ' எடுக்காதவன்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அவன்தானே.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் 1901லேயே ஒரு சமூகக் கல்லூரி தொடங்கினார்கள்: முதல் இரண்டு வருஷம் அங்கே, மீதி பல்கலைக்கழகத்தில். கலிபோர்னியா 1960இல் இதைத் திட்டமாகவே எழுதிவைத்தது. முன்னணி மாணவர்கள் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு. மற்றவர்களுக்குச் சமூகக் கல்லூரி, நன்றாகப் படித்தால் அங்கிருந்து மாறலாம். நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001இல்தான் வந்தன, அதுவும் கைத்தொழில் சான்றிதழுக்காக. சுங்கை சிப்புட்டிலும் ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு மாற்றம் போதாது, இரண்டு வேண்டும். சான்றிதழிலிருந்து பொலிடெக்னிக் டிப்ளோமா. ஈப்போவின் உங்கு ஒமார் பொலிடெக்னிக் 1969 முதல் இருக்கிறது, நாட்டிலேயே முதலாவது. டிப்ளோமாவிலிருந்து யூ.பி.யூ. வழியாகப் பல்கலைக்கழகம்.

இதில் நான் செய்த தவறு ஒன்று. டி.பி.எல்.ஐ. முடித்து வேலைக்கு வந்த புதிதில், ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் கேட்டான்: "சமூகக் கல்லூரிக்குப் போனா யூனிவர்சிட்டி போக முடியுமா டீச்சர்?" முடியாதுப்பா, அது வேலைக்கான படிப்பு என்றேன். தெரியாமல் சொன்னேன், ஆனால் தெரிந்த மாதிரி சொன்னேன். அவன் போகவே இல்லை, ஒரு பட்டறையில் சேர்ந்துவிட்டான். அந்தக் காலத்துப் பிள்ளைக்குப் படி இல்லை. இவனுக்குப் படி இருந்தது, நான்தான் மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே ஐந்தாம் படிவ ஆசிரியர்களே, இவற்றைப் பிள்ளைகளிடம் சொல்லிடுங்க. எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியும் வரலாறும் கட்டாயம் தேற வேண்டும். வரலாறு 2013 முதல் அப்படி. சமூகக் கல்லூரியில் முதல் பருவத்திலிருந்தே புள்ளி சராசரி கணக்காகும், கடைசிப் பருவத்தில் விழித்தால் ஏறாது. டிப்ளோமா முடித்தவர் யூ.பி.யூ.வில் எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கும் அதற்கு இணையான தகுதி உள்ளவர்களுக்குமான பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். மூவெட் தேர்வை டிப்ளோமா படிக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. பல பேர் அங்கேதான் ஒரு வருஷம் இழக்கிறார்கள், பழைய ரிமூவ் மாதிரியே.

போன வருஷம் பட்டறைக்காரன் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான். தம்பி சமூகக் கல்லூரிச் சான்றிதழ் முடித்திருந்தான். பொலிடெக்னிக் விண்ணப்பம் எப்போ திறக்கும் என்று கேட்டார்கள். இந்த முறை தெரிந்த மாதிரி பேசவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து கணினியில் தேடினோம்.