வெயிலுக்கு விலை வந்த கதை

பிரான்சின் தென்கரையில் இருக்கும் நீஸ் நகரத்தின் பெரிய ஓட்டல்கள் ஒரு காலத்தில் மே மாதம் பிறந்ததும் கதவை இழுத்து மூடிவிடும். சமையல்காரர்களும் பரிசாரகர்களும் வேலை தேடி வேறு ஊர்களுக்குக் கிளம்புவார்கள். இலையுதிர்காலம் வந்த பிறகுதான் அறைகளில் மறுபடி விளக்கு எரியும். இன்று அதே கரையில் ஜூலை, ஆகஸ்டில் ஒரு துண்டு விரிக்க இடம் தேட வேண்டும். அங்கே கடலும் வெயிலும் அன்று இருந்தபடியேதான் இருக்கின்றன. வருகிறவர்களின் தேவையும் சட்டைப்பையும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் பலமுறை மாறியிருக்கின்றன.

முதலில் வந்தவர்கள் நோயாளிகள். ஸ்காட்லாந்து எழுத்தாளர் டோபியாஸ் ஸ்மாலட் மார்புநோயோடு 1763-ல் நீஸுக்கு வந்து, ஓர் ஆண்டுக்கு மேல் தங்கினார். 1766-ல் வெளியான அவருடைய பயண நூலைப் படித்த ஆங்கிலேயர்கள், இருமலை மாற்றும் காற்று அங்கே இருக்கிறது என்று நம்பிப் புறப்பட்டார்கள். நீஸ் அப்போது சார்டீனிய அரசைச் சேர்ந்த சிற்றூர். 1820-களின் தொடக்கத்தில் கடுங்குளிர் அடித்து, பிழைப்பிழந்த ஏழைகள் தெருவில் கையேந்தியபோது, அங்கிருந்த ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, கடலோரமாக ஒரு நடைபாதை போடும் வேலையைக் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் அதை ஆங்கிலேயர் பாதை என்றார்கள். இன்றும் அதே பெயர்தான்.

பக்கத்தில் இருக்கும் கான் நகரம் புகழ் பெற்றது தற்செயலாக. 1834-ல் இத்தாலிக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் அரசியல்வாதி புரூம் பிரபுவைக் காலரா பயத்தால் எல்லைக் காவலர்கள் தடுத்து நிறுத்தினார்கள். திரும்பி வந்து, கான் என்ற மீனவர் குப்பத்தில் தங்கினார். இடம் பிடித்துப்போய் அங்கேயே மாளிகை கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் வந்தார்கள்.

காசநோய்க்காரர்களுக்கு மருத்துவர்கள் அதே கரையின் மென்ட்டோன் ஊரைப் பரிந்துரைத்தார்கள். 1882-ல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததும் நிலைமை புரண்டது. நோய் தொற்றும் என்று தெரிந்தபின், இருமுகிற விருந்தாளியை எந்த ஓட்டல் விரும்பும்? நோயாளிகள் ஆல்ப்ஸ் மலையின் டாவோஸ் போன்ற ஊர்களுக்கு நகர்ந்தார்கள். கடற்கரை அரச குடும்பங்களுக்கும் செல்வந்தர்களுக்கும் ஆனது. 1890-களின் பிற்பகுதியில் விக்டோரியா மகாராணியே நீஸை ஒட்டிய சிமியே குன்றில் வந்து தங்குவார். அப்போதும் சீசன் குளிர்காலம்தான். கோடை வெயிலில் தோல் கறுத்தால், வயலில் வேலை செய்கிறவர்கள் என்று நினைத்துவிடுவார்களே என்ற அச்சம் சீமாட்டிகளுக்கு இருந்தது. குடை இல்லாமல் அவர்கள் வெளியே வருவதில்லை.

அந்த அச்சத்தைப் போக்கியதும் மருத்துவமே. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் தோல்காசத்துக்கு ஒளிச் சிகிச்சை கொடுத்ததற்காக 1903-ல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் அகுஸ்ட் ரோலியே நோயாளிகளை வெயிலில் கிடத்திச் சிகிச்சை செய்யும் மருத்துவமனையைத் திறந்தார். வெயில் மருந்தாயிற்று, கொஞ்ச காலத்தில் அழகும் ஆயிற்று. 1923-ல் ஜெரால்ட் மர்ஃபி, சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி ஆன்டீப் ஊரின் பெரிய ஓட்டலைக் கோடையிலும் திறந்து வைக்கச் சொல்லித் தங்கினார்கள். ஓவியர் பிக்காசோவும் எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவர்களைத் தேடி வந்தார்கள். சீசன் தலைகீழானது. கோடை வந்தால் வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிற தமிழருக்கு, வெயிலைத் தேடிக் காசு செலவழிக்கும் இந்தப் பழக்கம் என்றுமே வியப்புதான்.

ஆனால் தொழிலாளிக்கு விடுமுறை ஏது? பிரான்ஸ் 1936-ல் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. பிரிட்டன் 1938-ல் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1950 மே மாதம், விளாடிமிர் ரைட்ஸ் என்ற இளைஞர் ஒரு டகோட்டா விமானத்தை வாடகைக்கு எடுத்து, பிரிட்டனிலிருந்து கோர்சிகா தீவின் கால்வி ஊருக்கு ஆட்களை அழைத்துப் போனார். தங்க இடம் கூடாரம். விமானம், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். பேக்கேஜ் டூர் என்ற பெருந்தொழிலுக்கு அந்தக் கூடாரங்களில்தான் வழி பிறந்தது.

அந்த வழியில் எல்லோரையும் முந்தியது ஸ்பெயின். கிழக்குக் கரையில் பெனிடோர்ம் என்று ஓர் ஊர். 1950-ல் மூவாயிரம் பேர் கூட இல்லை. ஆண்கள் சூரை மீன் பிடிப்பதில் பேர் போனவர்கள். அந்தப் பிழைப்பு தேய்ந்துகொண்டிருந்த வேளையில் பெத்ரோ சராகோசா என்ற இளைஞர் மேயரானார். வெளிநாட்டுப் பெண்கள் பிகினி அணிய அனுமதித்தார். சர்வாதிகாரி பிராங்கோ ஆளும் கத்தோலிக்க நாட்டில் அது சாதாரண காரியம் இல்லை. மதவிலக்கு மிரட்டல் வந்ததும், வெஸ்பா ஸ்கூட்டரில் ஏறி மாட்ரிட் வரை போய் பிராங்கோவையே பார்த்து ஆதரவு கேட்டதாக அவரே பின்னாளில் பலமுறை சொன்னார். வடக்கே பனிப் பிரதேசமான லாப்லாந்திலிருந்து ஒரு குடும்பத்தை அவர்களுடைய மரபு உடையோடு வரவழைத்து ஐரோப்பியப் பத்திரிகைகளில் படம் வரச் செய்தார். விளம்பரத்தைவிட முக்கியம் அவர் காலத்து 1956 நகரத் திட்டம். அகலமான தெருக்களும் கட்டடங்களுக்கு நடுவே வெற்றிடமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன.

இத்தனை செய்தும், மாட்ரிட்டின் முடிவுகள் இல்லாவிட்டால் ஊர் இவ்வளவு உயர்ந்திருக்காது. 1959-ல் மேற்கு ஐரோப்பியருக்கு விசா தேவையில்லை என்று ஆனது. அதே ஆண்டு ஒரு டாலருக்கு 42 பெசேட்டா என்றிருந்த மதிப்பு 60 ஆக இறக்கப்பட்டது. ஆங்கிலேயத் தொழிலாளியின் பவுண்டுக்குத் திடீரென்று அதிகம் வாங்க முடிந்தது. 1967-ல் அலிகான்டே விமான நிலையம் திறந்ததும் கடற்கரை ஒரு மணிநேரத் தொலைவுக்குள் வந்துவிட்டது. 1960-ல் சுமார் 60 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 1973-ல் சுமார் 3.4 கோடிப் பேர் வந்தார்கள்.

அந்த வருமானம் ஆட்சிக்கு எவ்வளவு உயிராதாரம் என்பதற்கு ஒரு காட்சி போதும். 1966 ஜனவரியில் பாலோமாரஸ் கிராமத்துக்கு மேலே அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று இன்னொரு விமானத்தோடு நடுவானில் மோதி உடைந்து, நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. இரண்டு உடைந்து புளூட்டோனியத்தைச் சிதறடித்தன. ஒன்று கடலுக்குள் போனது. மார்ச் 8 அன்று சுற்றுலா அமைச்சர் மானுவல் பிராகா, அமெரிக்கத் தூதரோடு அந்தக் கடலில் இறங்கிக் குளித்துப் புகைப்படக்காரர்களுக்குக் கையசைத்தார். குண்டு அப்போதும் கடலடியில்தான் கிடந்தது. ஏப்ரலில்தான் எடுத்தார்கள். அந்த வட்டாரத்து மக்கள் மண்ணின் கதிரியக்கத்தோடு பல பத்தாண்டுகள் வாழ வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்புப் படத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பயம் ஒரு கரையைக் காலி செய்து இன்னொரு கரையை நிரப்பவும் செய்யும். 2015 ஜூனில் துனிசியாவின் சூஸ் கடற்கரையில் துப்பாக்கிதாரி 38 பேரைக் கொன்றான். பெரும்பாலோர் பிரிட்டிஷ் பயணிகள். துனிசிய ஓட்டல்கள் வெறிச்சோடின. அடுத்த ஆண்டே ஸ்பெயினுக்கு வந்தவர்கள் ஏழு கோடியைத் தாண்டினார்கள்.

ஒரு கரை காலியாவதும் நிறைவதும் ஆட்சியையும் பொறுத்தது என்பது கிரேக்கத் தீவான கோர்ஃபுவையும் எதிரே இருக்கும் அல்பேனியாவையும் பார்த்தால் தெளியும். நடுவே இருக்கும் கடல் ஓரிடத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். 1970-களில் கோர்ஃபுவில் ஆங்கிலேயர் கூட்டம் நெருக்கியது. எதிர்க்கரையில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் ஆட்சி நாடு முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட கான்கிரீட் பதுங்கு குழிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. அரிதாக வரும் வெளிநாட்டார் தாடி வைத்திருந்தால் எல்லையிலேயே சவரம் செய்யப்பட்டார்கள். தப்பிப்பதற்காகக் கோர்ஃபுவை நோக்கி நீந்தியவர்கள் சுடப்பட்டார்கள். அந்த ஆட்சிமுறை 1991-ல் முடிந்தது. 2023-ல் ஒரு கோடி வெளிநாட்டார் அல்பேனியாவுக்குப் போனார்கள். கோர்ஃபுவிலிருந்து எதிர்க்கரையின் சரண்டா ஊருக்கு இப்போது விரைவுப் படகு அரை மணியில் போகிறது. கரையில் இறங்குகிறவர்கள் பழைய பதுங்கு குழிகளைத் தாண்டி வெயில் காயப் போகிறார்கள்.