வீட்டுக்குள்ள ஓர் அழகுத் தூண்... அதுக்கு மேலே பிடிமானம் இருக்கா? - கடலோர வீடுகளுக்கான கைடு

ரீல்ஸைத் திறந்தாலே காரைக்குடி ஸ்டைல் வீடுகள்தான். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்துட்டு, 'நம்ம ஹாலிலும் ஒண்ணு நிறுத்தினா எப்படி இருக்கும்'னு ஆசைப்படாதவங்க குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில், பழைய வீடுகளில் இருந்து பிரித்த தூண்களே விலைக்குக் கிடைக்கின்றன.

வாங்குறது ஈஸி. நிறுத்துறதுதான் விஷயம். அதிலும் பழவேற்காடு ஏரிக்கரை குப்பங்கள் மாதிரி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி என்று இருக்கும் ஊரில் வீடு என்றால், கூடுதல் கவனம் கட்டாயம் தேவை.

பழைய தூண் விழாது... புதுத் தூண் ஏன் விழும்?

பழைய ஓட்டு வீடுகளில் தூண் சும்மா நிற்கவில்லை. கீழே கல், மேலே போதிகை, அதற்கு மேல் உத்தரம், அதன்மேல் கூரை. அந்த மொத்த பாரமும் தூணை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கூரையைத் தூண் தாங்கியது, தூணைக் கூரை பிடித்துக்கொண்டது.

கான்கிரீட் வீட்டில் கதையே வேறு. தளத்தின் பாரத்தை பீமும் சுவரும் பார்த்துக்கொள்கின்றன. அழகுக்கு நிறுத்தும் தூணை மேலிருந்து எதுவும் அழுத்துவதில்லை. நாமாகப் பிடிமானம் கொடுக்கவில்லை என்றால், அது தரையில் செங்குத்தாக நிறுத்திய ஒரு கட்டை, அவ்வளவுதான்.

எடையையும் பார்த்துடலாம். 10 அடி உயரம், 6 இன்ச் குறுக்களவு உள்ள தேக்குத் தூண் சுமார் 35 கிலோ இருக்கும். 8 இன்ச் என்றால் 60 கிலோவைத் தாண்டும். தூணைக் கண்டால் கட்டிப்பிடித்துச் சுற்றுவதுதான் குழந்தைகளின் முதல் விளையாட்டு. அதனால் இதை வெறும் டெகரேஷன் வேலையாக நினைக்காதீங்க.

முட்டுக்கொடுத்தா போதும்னு நினைக்காதீங்க!

'தளத்துக்கும் தரைக்கும் நடுவுல டைட்டா ஆப்பு வெச்சு அடிச்சுட்டா ஆடாது'னு சிலர் சொல்வாங்க. இதைத்தான் செய்யவே கூடாது.

கான்கிரீட் தளம் பாரத்துக்கு ஏற்ப மிகச் சிறிய அளவில் கீழே வளையும். அதற்காகத்தான் தளத்தின் நடுப்பகுதியில் முக்கியமான கம்பிகளை அடிப்பக்கம் போடுகிறார்கள். அந்த நடுப்பகுதிக்குக் கீழே தூணை இறுக்கி நிறுத்தினால், தளம் அந்த இடத்தில் தூண்மேல் உட்காரும். அப்போது இழுவிசை தளத்தின் மேல்பக்கத்துக்கு மாறிவிடும். அங்கே அதைத் தாங்கப் போதிய கம்பி இருக்காது. விளைவு, மொட்டை மாடியில் விரிசல். விரிசலில் மழைநீரும் உப்பும் இறங்கினால், கம்பி துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

ஆக, தூண் பக்கவாட்டில் அசையக் கூடாது. ஆனால், தளம் மேலும் கீழும் லேசாக அசைய இடம் இருக்கணும். இதுதான் ஃபார்முலா.

உப்புக்காத்து என்ன செய்யும்?

படகில் இரும்பு ஆணி என்ன கதிக்கு ஆளாகும் என்று ஏரிக்கரை மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீலிங்கில் அடிக்கும் போல்ட்டுக்கும் அதே கதிதான். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருமனாகும். கான்கிரீட்டுக்குள் அது வீங்கும்போது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும்.

கடலோரச் சூழலில் வெளியே படும் கான்கிரீட்டை, இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 'கடுமையான சூழல்' என்றே வகைப்படுத்துகிறது. அங்கே கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. எல்லா வீட்டிலும் அது இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

போல்ட், பிளேட், பின் எல்லாமே 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது நல்லது. பொதுவாகக் கிடைக்கும் 304-ஐவிட இதில் மாலிப்டினம் கூடுதலாகச் சேர்வதால் உப்பைத் தாங்கும். இரண்டையும் கண்ணால் பார்த்தோ, காந்தம் வைத்தோ பிரித்துச் சொல்ல முடியாது. எனவே, பில்லில் கிரேடு எழுதி வாங்குங்க.

துளை போடும் முன் செக் பண்ணுங்க

* தூண் வரப்போகும் இடத்தில் தளத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்க. கணீர்னு கேட்டா ஓகே. 'டொப் டொப்'னு உள்ளே காலியா இருக்கும் மாதிரி கேட்டாலோ, துருக்கறை, விரிசல், நீர்க்கசிவு இருந்தாலோ முதல் வேலை ரிப்பேர்தான்.

* ஃபேன் கொக்கியில் இருந்து சுவிட்ச் போர்டு பக்கம் போகும் ஒயரிங் பைப், தளத்துக்குள்தான் ஓடும். அந்தப் பாதையைத் தவிர்த்து, மெயினை ஆஃப் செய்துட்டு வேலையை ஆரம்பிங்க. டிரில்லிங் மிஷினுக்கு வேறு இடத்தில் இருந்து கரன்ட் எடுங்க.

* ஃபால்ஸ் சீலிங்கில் பிடிமானம் கொடுக்கவே கூடாது. அதை வெட்டி, மேலே இருக்கும் கான்கிரீட்டில்தான் போல்ட் போடணும்.

* ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைக்காதீங்க, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. தகர ஷீட்டும் தூணைப் பிடிக்காது. கூரையின் இரும்புச் சட்டமும் காற்றில் அசையும். இப்படிப்பட்ட வீடுகளில் தூணைச் சுவரோடு சேர்த்து கிளாம்ப் போடுவதே நல்லது.

நிறுத்துவது எப்படி?

1. தூணின் உயரம், தரைக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியைவிட ஒன்றரை இன்ச் குறைவாக இருக்கட்டும். அடியில் கல் வைத்தால் அதன் உயரத்தையும் கழிச்சுக்குங்க.

2. தரையில் அல்லது அடிக்கல்லில், 1 இன்ச் வெளியே தெரியும்படி 12 மி.மீ. பின்னைப் பதியுங்க. தூணின் அடியில் அதற்கு ஏற்ற துளை.

3. தூணைவிட 3 இன்ச் அகலமான, 6 மி.மீ. தடிமன் ஸ்டீல் பிளேட் எடுத்து, அதன் நடுவே 4 இன்ச் நீளப் பின்னை வெல்டிங் செய்து வாங்குங்க. தூணின் உச்சியில் அந்தப் பின் முழுதாக இறங்கும் அளவுக்கு, 14 மி.மீ. துளை.

4. சீலிங்கில் இருந்து தூக்குக்குண்டு விட்டு, கீழ்ப் பின்னுக்கு நேர் மேலே இருக்கும் புள்ளியைக் குறிங்க. பிளேட்டை அங்கே வைத்து நான்கு மூலைகளிலும் துளைகள். 8 மி.மீ. ஆங்கர் பாஸ்ட்னர் போதும். தளம் பொதுவாக 4 முதல் 5 இன்ச் தடிமன்தான். எனவே, பூச்சைக் கழித்து, கான்கிரீட்டுக்குள் 2 இன்ச் ஆழத்தோடு நிறுத்துங்க. கம்பி தட்டுப்பட்டால் வெட்டாதீங்க. பிளேட்டைக் கொஞ்சம் திருப்பி வேறு இடத்தில் துளை போட்டு, பழைய துளையைக் கலவையால் அடைச்சிடுங்க.

5. துளையில் இருக்கும் தூசியை ஊதி எடுங்க. தூசி இருந்தா ஆங்கர் சரியாகப் பிடிக்காது.

6. பிளேட்டின் பின்னைத் தூணின் உச்சியில் இறக்கி, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூணைத் தூக்கிக் கீழ்ப் பின்மேல் உட்கார வையுங்க. ரசமட்டம் வைத்து நேர் பார்த்து, பிளேட்டை மட்டும் உயர்த்தி சீலிங்கில் முடுக்கணும். இப்போது பின் தூணுக்குள் இருக்கும், ஆனால் தூண் தளத்தைத் தொடாது.

7. தெரியும் இடைவெளியை இரண்டு பாதியாகச் செய்த மர வளையத்தாலோ, போதிகை வடிவப் பலகையாலோ மறைக்கலாம். அதைத் தூணில் மட்டும் பொருத்துங்க. தளத்தோடும் சேர்த்து ஆணி அடித்தால் மொத்த வேலையும் வீண்.

இதையெல்லாம் தவிர்த்துடுங்க

இந்தத் தூண் பக்கவாட்டில் அசையாமல் நிற்க மட்டும்தான். இதில் ஊஞ்சலோ, குழந்தைக்குத் தூளியோ, ஹாமக்கோ கட்டக் கூடாது. டி.வி-யை மாட்டுவதும் வேண்டாம்.

பழைய தூண் வாங்கும்போது கரையான் ஓட்டை இருக்கானு அடிப்பக்கம் தட்டிப் பாருங்க. அடிமரத்துக்குக் கீழே கல் வைத்தால், தரையைக் கழுவும் தண்ணீர் மரத்தில் ஏறாது. நம் முன்னோர் தூணைக் கல்மேல் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, வளையத்தைக் கழற்றி போல்ட்டுகளைப் பாருங்க. பழுப்புக் கறை தெரிந்தால் உடனே மாற்றிடுங்க. தளத்தில் ஏற்கெனவே கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறதா? அப்படியென்றால் தூண் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்து முதலில் தளத்தைக் காட்டுங்க. தூண் இல்லாமல் இருந்துக்கலாம், தளம் இல்லாமல் இருக்க முடியாது.