தலையணை

போன மாதம் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் கையில் ஒரு காகிதத்தோடு படியேறி வந்தாள். அவளுடைய 6 வயதுப் பிள்ளைக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு, சாயமருந்து ஏற்றி, படம் எடுத்து அன்று மதியம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"தாத்தா, தலையை உயர்த்தி வெச்சுப் படுக்க வைக்கணும்னு இதுல இருக்கு. எங்க மாமியார் தலையணையே ஆகாதுங்கறாங்க. எது சரி?"

நான் மருத்துவனில்லை. 34 வருஷம் புதுச்சேரி அரசாங்கத்தில் கோப்பு கட்டியவன். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். 1984இல் என் வீட்டில் இதே கேள்வி எழுந்தது. அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.

என் மகனுக்கு அப்போது 8 வயது. இடதுகாலை லேசாக இழுத்து நடப்பான். இடுப்புக்கு மேலே முதுகில் பிறவியிலிருந்தே ஒரு கொத்து மயிர் உண்டு. அதிர்ஷ்டக்காரன் என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். மெட்ராஸில் ஒரு டாக்டர் அதைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறி, தண்டுவடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றார். மயலோகிராம் என்று பெயர். மதியம் எடுத்தார்கள். கட்டில் இல்லை என்று இரவு 8 மணிக்கு அனுப்பிவிட்டார்கள். மாம்பலத்தில் என் தங்கை வீட்டுக்குப் போனோம். "தலை மேலே இருக்கட்டும், நிறையத் தண்ணீர் கொடுங்கள்" என்று நர்ஸ் சொன்னதை வைத்து மூன்று தலையணை அடுக்கினேன்.

நான் கண்ணயர்ந்த நேரத்தில் அம்மா அந்த மூன்றையும் உருவிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அதில் அனுபவம் உண்டு. 1961இல் என் மாமாவுக்கு இதே மெட்ராஸில் இதே சோதனை நடந்தது. மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து திரும்பியவர், இடுப்பு வலிக்காரர். கூட இருந்து பார்த்தது அம்மாதான். தலையணை இல்லாமல் மல்லாந்து கிடக்க வேண்டும், எழுந்தால் தலை பிளந்துவிடும் என்று அன்று டாக்டரே சொன்னாராம். மாமா கேட்காமல் எழுந்து உட்கார்ந்து, இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

நள்ளிரவில் பையன் வாந்தி எடுத்தான். பிறகு சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தான். என்னைப் பார்த்து, "சார், மணி அடிச்சாச்சா?" என்றான். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விடிவதற்குள் தெளிந்துவிட்டான். அந்த ஆட்டோவில் அம்மாவிடம் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதப்போவதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சௌகரியம். இந்தக் கதையின் பெரும்பகுதி பாரீஸில் நடந்தது.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுக்கலாம் என்று 1891இல் காட்டியவர் ஜெர்மானியரான குவின்க்கே. 1898இல் ஔகுஸ்ட் பீர் என்ற அறுவை மருத்துவர் அதே வழியில் மரத்துப்போகும் மருந்தைத் தன் உதவியாளரும் தானுமாக ஒருவருக்கொருவர் போட்டுப் பார்த்தார்கள். பீருக்கு ஒன்பது நாள் தலைவலி. படுத்தால் போய்விடும், எழுந்தால் வந்துவிடும். ஊசி போட்ட துளை வழியே நீர் கசிந்து மூளையைத் தாங்கும் அழுத்தம் குறைவதுதான் காரணம். மாமா அழுத அழுகையும் இதே அழுகைதான்.

நீர் மட்டும் எக்ஸ்ரேயில் தெரியாது. அமெரிக்காவில் டேண்டி என்பவர் 1918-19இல் காற்றை ஏற்றிப் படம் எடுத்தார். பாரீஸில் சிக்கார் என்ற மருத்துவரும் அவருடைய இளைய சகா ஃபொரெஸ்தியேயும் தற்செயலாக வேறொரு பொருளைக் கண்டார்கள். லிப்பியோதோல் என்ற எண்ணெய். கெர்பே என்ற மருந்தாளர் 1901இல் அயோடினைக் கசகசா எண்ணெயில் சேர்த்துச் செய்தது. ஆமாம், குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசா! சிக்கார் அதை முதுகுவலிக்கு மருந்தாகத் தண்டுவட உறைக்கு வெளியே போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஊசி தவறி உள்ளே போய்விட்டது. பதறிப்போய் எக்ஸ்ரேயில் பார்த்தால், கனமான எண்ணெய் துளித்துளியாகக் கீழே இறங்குவது தெரிந்ததாம். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. 1921-22இல் இது முறையாகவே வந்துவிட்டது. எண்ணெய் எங்கே தடைப்படுகிறதோ அங்கே கட்டி. (ஃபொரெஸ்தியே 1920 ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு ரக்பி ஆடி வெள்ளிப் பதக்கம் வாங்கியவர் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு.)

போன எண்ணெய் வெளியே வராமல் வருஷக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும், சிலருக்குப் புண்ணாக்கும் என்பதுதான் தொல்லை. 1944இல் அமெரிக்காவில் இன்னும் இளக்கமான ஓர் எண்ணெய் மருந்து வந்தது. ஆங்கிலேயர் அதை மயோடில் என்றார்கள். படம் எடுத்து முடித்ததும் அதே ஊசி வழியே திரும்ப உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். மாமாவுக்குப் போட்டது இந்த வகைதான். உறிஞ்சி எடுத்த பிறகு தலைக்கு ஏறப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. துளைக் கசிவுக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும். ஆகவே மல்லாந்து படு என்றார்கள். (கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. பல வருஷம் கழித்து மாமாவுக்கு வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு அருகே வெள்ளை வெள்ளையாகச் சில பொட்டுகள் தெரிந்தன. "உள்ளே முத்து வளர்க்கிறேன்" என்பார்.)

ஸ்வீடன்காரர் டோர்ஸ்டன் அல்மேன், 1960களின் கடைசியில் உடம்பின் நீரோடு ஒத்துப்போகும் சாயமருந்துக்கு வழி சொன்னார். அதிலிருந்து வந்தது மெட்ரிசமைட், 1970களில். தண்ணீரில் கரையும், தானே சிறுநீரில் போய்விடும், உறிஞ்சி எடுக்க வேண்டாம். ஆனால் கரைகிற பொருள் நீரோடு நீராக எங்கும் போகுமே. மூளைப் பக்கம் மொத்தமாகப் போனால் வாந்தி, குழப்பம், சிலருக்கு வலிப்பு. ஆகவே தலையை உயர்த்து, தண்ணீர் நிறையக் குடி என்றார்கள்.

எண்ணெய்க்கு ஒரு உத்தரவு, நீருக்கு நேர் எதிரான உத்தரவு. எங்கள் ஆபீஸில் புதுச் சுற்றறிக்கை வந்தால், இன்ன தேதியிட்ட பழையது இதன்மூலம் ரத்து என்று முதல் பத்தியிலேயே இருக்கும். ஆஸ்பத்திரியில் அந்த வரியை எழுத யாருக்கும் தோன்றவில்லை. பழைய சுற்றறிக்கையைச் சிரத்தையாக இருபத்து மூன்று வருஷம் காப்பாற்றியது என் அம்மாவின் குற்றமா?

அன்று பையனுக்கு ஏற்றியது மெட்ரிசமைட் என்பதைப் பழைய சீட்டைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். தலையணையை எடுத்ததால்தான் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தலையை உயர்த்தி வைத்திருந்தும் பலருக்கு அந்த மருந்து இப்படிச் செய்திருக்கிறது. அடுத்து வந்த மருந்துகள் இன்னும் சாது. இப்போது எம்.ஆர்.ஐ. இருப்பதால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த ஊசியே தேவைப்படுவதில்லை. என் பையனுக்கு அந்தப் படத்தை வைத்துத்தான் ஆபரேஷன் நடந்தது. கீழே இழுத்துக் கட்டியதுபோல இருந்த தண்டுவடத்தை விடுவித்தார்கள். இன்று ஐம்பதை நெருங்குகிறான். வேகமாக நடந்தால் மட்டும் கால் இழுப்பது தெரியும்.

அம்மா 1991இல் போய்விட்டார்கள். நான் இதையெல்லாம் படித்தது 2011இல். அந்த இரவுக்குப் பிறகு அவன் படுக்கையை அம்மா விரித்ததே இல்லை. பாயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீயே போடும்மா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம், காகிதத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் பண்ணி, என்ன மருந்து ஏற்றினீர்கள், தலை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களையே கேட்கச் சொன்னேன். கரையும் மருந்து, தலை உயரமாகவே இருக்கட்டும், இன்றும் நாளையும் ஓடியாட வேண்டாம், கழுத்து விறைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஊசி போட்ட இடம் நனைந்தாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார்களாம்.

மறுநாள் பார்க்கப் போனேன். பையன் சாய்ந்து உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் அடுக்களை வாசலில் தள்ளி நின்றிருந்தார். அவரிடம் போய், "நீங்க சொன்னதும் சரிதாம்மா. அது எண்ணெய் போட்ட காலத்து வழக்கம்" என்றேன்.

"எண்ணெயா? முதுகுக்குள்ளயா? என்ன எண்ணெய்?"

"முதல்ல போட்டது கசகசா எண்ணெய்."

கிழவனுக்கு வயதாகிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு பேரன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சரிந்திருந்த தலையணையை நிமிர்த்தி வைத்தார்.