வட்டம் தவறிய ஓட்டங்கள்

விண்ணிற் செல்வன யாவும் வட்டத்திலேயே செல்லும் என்பது பண்டைக் கிரேக்கர் துணிபு. 1609 ஆம் ஆண்டிலே கெப்ளர், செவ்வாயின் பாதை நீள்வட்டம் என நிறுவினார். எனினும், வட்டத்தின்மீது கொண்ட பற்று எளிதில் அகன்றிலது. அப்பற்றை அளவீடு வென்ற வரலாற்றில் ஓர் அத்தியாயம் தமிழகத்து மலையொன்றிலே நிகழ்ந்தது.

1908 இல் ஹேல் என்னும் அமெரிக்க அறிஞர் ஞாயிற்றுப் புள்ளிகளிற் காந்தப்புலத்தைக் கண்டறிந்தார். அவை சுழலும் சுழிகள் என்ற கருத்து வலுவுற்றது. 1909 சனவரியில் கொடைக்கானல் வான் ஆய்வகத்திலே ஜோன் எவர்ஷெட் அப்புள்ளிகளின் நிறமாலைக் கோடுகளை அளந்தார். அணுகும் வாயுவின் கோடுகள் ஊதாப் பக்கமும், அகலும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கமும் பெயரும் என்பது தொப்ளர் விதி. அவ்விதி காட்டிய உண்மை வேறாயிருந்தது: வாயு புள்ளியைச் சுற்றவில்லை, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்ந்தது.

அதே விதி பின்னர் பால்வீதிக்கும் அளவுகோலாயிற்று. கந்தப்பளைத் தேயிலை மலைகளில் ஆவணி முன்னிரவில் மூட்டம் விலகுமாயின், தென்வானிற் சுமார் 54 பாகை உயரத்திலே பால்வீதியின் மையத்திசையைக் காணலாம். அங்குள்ள வாயு வட்டமாகச் சுற்றுமாயின், நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே செல்லுமன்றி நம்மை அணுகாது. ஆனால், 1957 இல் ஊர்ட் முதலிய நெதர்லாந்து வானியலார், ஐதரசனின் 21 சென்ரிமீற்றர் வானொலி அலைகளை ஆராய்ந்து, அத்திசையிலுள்ள வாயுக்கரம் ஒன்று செக்கனுக்கு 53 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருவதைக் கண்டனர்.

மையத்திலிருந்து வாயு வீசியெறியப்பட்டதோ என முதலில் ஐயுற்றனர். 1964 இல் டி வொக்குலேர், பால்வீதியின் நடுவே கோல்வடிவான விண்மீன் திரள் உண்டெனவும், அதன் ஈர்ப்பே வாயுவின் பாதையை நீட்டுகின்றதெனவும் கருதினார். 1991 இல் வெளிவந்த ஆய்வுகள் அக்கோலுக்கு வலுவான சான்றளித்தன. 2008 இல் மையத்துக்கு அப்பாலும் அத்தகைய கரமொன்று கண்டறியப்பட்டது.

ஏனைய தட்டு விண்மீன் மண்டலங்களிலும் வட்டச் சுழற்சியைக் கணித்துக் கழித்து, எஞ்சும் வேகத்தை ஆராய்வதே முறை. இது வெறும் நுணுக்கமன்று. சுழற்சி வேகத்தைக் கொண்டே மண்டலத்தின் திணிவும், புலனாகாக் கரும்பொருளின் அளவும் மதிப்பிடப்படுகின்றன. வட்டமல்லாததை வட்டமெனக் கொள்ளின் அம்மதிப்பீடு பிழைபடும். எஞ்சியதைப் பிழையெனத் தள்ளாதோர்க்கே, கொடைக்கானலிலும் பால்வீதியிலும், உண்மை புலப்பட்டது.